றஞ்சிதா போன பஸ்ஸுக்குப் பின்னால்

எமிலின் கார் ஓடியதைவிட எமில் அதைப் பற்றிக் கதைத்ததுதான் அதிகம். ஓலைத்தொடுவாயிலிருந்து மன்னாரிலுள்ள கந்தோருக்கு வேலைக்குப் போய்வருகிற தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்தத் தூரத்தில் ஒரு லீற்றர் பெற்றோல் என்ன பாடுபட்டது, எந்த வளைவில் வீணானது, எந்தக் கழுதையால் வீணானது என்று கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டால் மனிதர் மத்தியானச் சோற்றையே மறந்துவிடுவார். கேட்கிறவருடைய சோறும் சேர்ந்துதான் ஆறும்.

காருக்கு இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. சின்னக் கார். நாலு பேர் இருக்கலாம் என்று சொல்லி விற்றார்கள், முழங்கால் இல்லாத நாலு பேர் என்று சொல்லவில்லை. அதை வாங்கினது றஞ்சிதாவுக்காக. கலியாணம் கட்டின நாள் தொட்டு அவள் சைக்கிள் கரியரிலும், பிறகு மோட்டார் சைக்கிளின் பின் சீற்றிலும் இருந்தே மடு மாதா திருநாளுக்கும் செத்தவீடுகளுக்கும் போய்வந்தவள். "ஒருநாளைக்கு உன்னைப் பக்கத்தில வைச்சு ஓடுவன், பார்" என்று எமில் சொல்லாத வருசம் இல்லை. கார் வந்த அன்று அவள் நல்ல சீலை உடுத்தி முன் சீற்றில் ஏறி, பேசாலை வரைக்கும் போய் ஒரு ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வந்தாள். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோசம் மிஞ்சினால் அவள் அப்படித்தான்.

அந்த முன் சீற்றிலிருந்து அவளை இறக்கிவிட்டது வேறு யாருமில்லை, எமில்தான்.

நாட்டில் பெற்றோல் இல்லாமற்போன வரிசைக் காலத்தில் பிடித்த வியாதி அது. பெற்றோல் செட்டுக்கு முன்னால் நாட்கணக்கில் காத்துக்கிடந்து, எஞ்சினை இயக்காமல் காரைக் கையால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோன காலம். வரிசை ஒழிந்ததும் ஊர் முழுக்க அதை மறந்து போனது. எமிலுக்கு மட்டும் உள்ளே இறங்கிவிட்டது. அதற்கு மேல் நெய் ஊற்றினவர் கந்தோரில் பக்கத்து மேசை நஸார். உப்புக்குளத்துக்காரர், பற்றரியிலும் ஓடுகிற புதுக் கார் வைத்திருப்பவர்.

"எமில் அண்ணன், உங்கட சாமான் லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் ஓடினால் நான் அதைக் கார் எண்டு ஒத்துக்கொள்ளுறன். அதுவரைக்கும் அது தகரப்பெட்டிதான்" என்றார் ஒருநாள், எல்லாரும் இருக்கையில்.

பகிடிக்குச் சொன்னதுதான். பகிடியைப் பகிடியாக எடுக்கத் தெரிந்த மனிதராக இருந்தால் எமிலுக்கு இந்தக் கதையே வந்திராது. அன்று லீற்றருக்குப் பதினொன்று ஓடிய கார். அவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்றிரவே தொலைபேசியில் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார். யாரோ ஒருவன் பெற்றோல் மிச்சம் பிடிக்கும் வழிகளை உரத்த குரலில் சொல்லிக்கொண்டே இருப்பான், வீடு முழுக்கக் கேட்கும். சொன்னதையெல்லாம் எமில் செய்தார். ரயருக்கு இறுக்கமாகக் காற்றடித்தார், குண்டும் குழியும் நேரே முதுகெலும்புக்கு வந்தது. ஏசியின் பெல்ற்றைக் கழற்றி எறிந்தார். ஜன்னல் திறந்தால் காற்றுப் பிடிக்குமென்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டார், மன்னார் வெயிலில். ஸ்பெயார் ரயர் இறங்கியது, காரைத் தூக்குகிற ஜக் இறங்கியது. கடைசியில் பின் சீற்றையே கழற்றிக் கொண்டுவந்து வீட்டு ஹோலில் போட்டார். விருந்தாளிகள் அதில்தான் இருந்தார்கள், இருந்த பிறகு எழும்ப ஒரு ஆள் கைகொடுக்க வேண்டியிருந்தது. டாஷ்போட்டில் ஒட்டியிருந்த மாதா சுரூபத்தையும் ஒருநாள் யோசனையோடு பார்த்தார். றஞ்சிதா அவரைப் பார்த்தாள். சுரூபம் தப்பியது.

மூளை என்று ஒன்று இருந்தது, பாரம் குறைக்க அதையும் இறக்கி வைத்துவிட்டேன் என்று இன்றைக்கு எமிலே சொல்லுவார்.

பிறேக் போட்டால் பெற்றோல் வீண் என்று வீடியோக்காரன் சொன்னான். அவன் மன்னாருக்கு வந்ததில்லை. இங்கே வளைவுக்கு வளைவு நடுரோட்டில் கழுதைகள் நிற்கும், ஹோண் அடித்தால் காதைக்கூட ஆட்டாது. எமில் பிறேக் போடாமல் தூரத்திலிருந்தே உருட்டிக்கொண்டு வருவார், கழுதை விலகும் என்று. கழுதை விலகாது. கடைசியில் அதன் மூக்குக்கு முன்னால் நின்று எஞ்சினை நிறுத்திவிடுவார், ஏனென்றால் சும்மா நிற்கையில் எஞ்சின் ஓடினால் அவருக்கு வயிறு எரியும். கழுதையும் எமிலும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்பதை ஓலைத்தொடுவாய் பலதரம் கண்டிருக்கிறது. யாருக்கு அவசரம் குறைவு என்பதில்தான் போட்டி.

அதோடு காற்றையும் பார்க்கத் தொடங்கினார். அப்பா பாய்மரத்தில் தொழிலுக்குப் போனவர். எமிலோ அலையைப் பார்த்தாலே சத்தி எடுத்து, அதனாலேயே படித்துக் கந்தோருக்குப் போனவர். இப்போது வாசலில் நின்று விரலை நனைத்துக் காற்றுப் பார்த்தார். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் கந்தோருக்குப் போக வாசி, முதுகில் தள்ளும். திரும்பி வர அதே காற்று முகத்தில் அடிக்கும் என்பதால், அது தணியும்வரை மன்னாரில் காத்திருந்து பொழுதுபட்ட பிறகு வருவார்.

"உங்கட அப்பா கடலுக்குப் போட்டு இதைவிட வேளைக்கு வந்திடுவார்" என்றாள் றஞ்சிதா.

பதினொன்று பதினாறாகியது. பதினாறு பதினெட்டாகியது. அங்கேயே நின்றுவிட்டது, கழுதை நின்ற மாதிரி.

இப்படியிருக்கையில் வவுனியாவிலிருந்து மருமகன் தொலைபேசி எடுத்துச் சொன்னான், ஜெஸ்லியாவுக்குப் பெண்குழந்தை. ஒரே மகளின் முதல் பிள்ளை. றஞ்சிதா அழுதாள், மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள், அடுத்த நிமிசமே சாமான் கட்டத் தொடங்கினாள். பிள்ளைப்பெற்றவளிடம் வெறுங்கையோடு போவதா? பால் சுரக்கச் சுறாக் கருவாடு, வறுத்து இடித்த சரக்குத்தூள், நல்லெண்ணெய்ப் போத்தல்கள், ஊர்க்கோழி முட்டை, பழஞ்சீலைத் துண்டுகள். எல்லாவற்றுக்கும் மேலாக ஜெஸ்லியா படுத்து வளர்ந்த மரத்தொட்டில். முதிரை மரம். தூக்க இரண்டு பேர் வேணும்.

எமில் அந்தக் குவியலைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"றஞ்சி, தொட்டில் சரியான பாரம். அதை பஸ்ஸில போட்டு விடுவமே? கருவாடும் ஒரு பாதி காணும்தானே."

இதை வாய்விட்டுச் சொன்னார் என்பதை நினைத்தால் எமிலுக்கு இப்போதும் காது சுடும். றஞ்சிதா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

"தொட்டில் பஸ்ஸில போறதெண்டால் தொட்டிலோட நானும் போறன். உங்கட காருக்கு நானும் பாரம்தானே. இனி இந்தக் காரில நான் ஏறன். மாதா மேல ஆணை."

றஞ்சிதா மாதாவை லேசில் இழுக்கிறவள் இல்லை. முன் சீற்றில் இனி அவள் இல்லையென்றால் இந்தக் கார் என்னத்துக்கு என்று எமிலுக்கு ஒரு கேள்வி வந்தது. வந்த கேள்விக்குப் பின்னாலேயே, வெட்கத்தை விட்டுச் சொன்னால், இன்னொன்றும் வந்தது: அவளும் சாமானும் இல்லாமல், கச்சான் முதுகில் தள்ள, வவுனியா வரைக்கும் வெறும் கார். இருபது ஓடாதா?

அடுத்த நாள் காலை செட்டில் கழுத்துவரை பெற்றோல் அடித்தார். வவுனியாவில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு செட் இருக்கிறது, அங்கே திரும்ப நிரப்பினால் கணக்குச் சரியாக வரும். றஞ்சிதா சாமான்களோடு தலைமன்னாரிலிருந்து வந்த வவுனியா பஸ்ஸில் ஏறினாள். தொட்டிலைக் கொண்டக்டர் இன்னொரு ஆளையும் பிடித்துப் பின்கதவால் ஏற்றி வைத்தான். அவள் கடைசி சீற்றில் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். எமில் பஸ்ஸுக்குப் பின்னால் காரை விட்டார்.

வெகு கிட்டத்தில். முன்னால் பெரிய வாகனம் காற்றை வெட்டிக்கொண்டு போனால், பின்னால் ஒண்டிப் போகிறவனுக்குப் பெற்றோல் மிச்சம் என்பது வீடியோக்காரனின் கடைசிப் பாடம். நம்பாதவர்களுக்கு எமில் சொல்லுவார்: மிச்சம்தான். புகையும் கிடைக்கும். பஸ் கக்கிய கரும்புகை முழுக்க அவர் முகத்தில்தான் படிந்தது. கொண்டக்டர் பின்கதவில் தொங்கிக்கொண்டு, முந்திப் போ, முந்திப் போ என்று கைகாட்டினான். எமில் காணாத மாதிரி இருந்தார். பின்கண்ணாடிக்குள் றஞ்சிதாவின் கொண்டை தெரிந்தது. அது திரும்பவில்லை.

முருங்கன் தாண்டி ஓரிடத்தில் சிங்களப் பொலிஸ்காரர் ஒருவர் பஸ்ஸை மறித்தார். பின்னால் ஒட்டிக்கொண்டு நின்ற காரையும் கண்டார்.

"ஐயா, ஏன் பஸ்ஸை ஒட்டி ஒட்டி வாறது? பிறேக் போட்டா ஐயா பஸ்ஸுக்கு உள்ளே. ஓவர்ட்டேக் பண்ண ஏலாதா?"

பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று சொன்னால் தண்டம் நிச்சயம். எமிலின் நாக்கு அகப்பட்டதைப் பிடித்தது.

"என்ர மனுசி, நோனா, அந்த பஸ்ஸில போறா சேர்."

"நோனா பஸ்ஸில, ஐயா காரில? சண்டையா?"

"ஓம் சேர். சின்னது."

"அதுக்கு ஐயா பின்னாலே போறது. நோனாவை விட்டு இருக்க ஏலாதா?"

"ஏலாது சேர்" என்றார் எமில். வேறு என்ன சொல்ல?

பொலிஸ்காரர் சிரித்தார். இனித் தள்ளிப் போகவேணும் என்று எச்சரித்தார். அதோடு விட்டிருக்கலாம். நேரே பஸ்ஸின் பின்கதவுக்குப் போய் உள்ளே தலையை நீட்டி, வவுனியா வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "இதிலே ஆர் இந்தக் கார் ஐயாவோட நோனா? ஐயா பாவம். உங்களை விட்டு இருக்க ஏலாதாம்!"

பஸ் சிரிப்பில் வெடித்தது. விசில், கைதட்டல், ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். எமில் ஸ்ரியரிங்குக்குக் கீழே ஒளிய இடம் தேடினார், அந்தக் காரில் அதற்கும் இடமில்லை. கண்ணாடிக்குள் றஞ்சிதாவின் தலை குனிவது தெரிந்தது. முகம் தெரியவில்லை. வெட்கமா, ஆத்திரமா? அவளை ஊருக்கு முன்னால் சந்தி சிரிக்க வைத்துவிட்டேனே, இனிக் காரில் என்ன, வீட்டில்கூடப் பக்கத்தில் இருக்கமாட்டாள் என்று எமில் நினைத்தார்.

அதற்குப் பிறகு கொண்டக்டர் கைகாட்டவில்லை. எமில் கொஞ்சம் பிந்தினால் போதும், "மாப்பிள்ளை பிந்துறார், மெல்லப் போ அண்ணை!" என்று ட்ரைவருக்குக் கத்தினான். ட்ரைவரும் அந்தத் தனியார் பஸ்ஸை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே சீரான வேகத்தில் ஓட்டினான். வேகம் காட்டுகிற ஊசி ஆடவில்லை. பிறேக் இல்லை, கியர் மாற்றம் இல்லை. காதலுக்காகக் கொடுத்த வேகம் பெற்றோலுக்கும் அளவான வேகமாக இருந்தது. பெற்றோல் முள்ளைப் பார்க்கப் பார்க்க எமிலுக்குத் தெரிந்துவிட்டது, இருபது தாண்டிவிட்டது. நஸார் ஒத்துக்கொள்ளத்தான் வேணும். இந்தச் சந்தோசத்தை யாருக்காவது சொல்லவேணும் போலிருந்தது. பக்கத்துச் சீற்றைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குள் தெரிந்த கொண்டையைப் பார்த்தார். கண்ணைக் கசக்கினார். பஸ் புகையால் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

வவுனியாவில் கொண்டக்டர் இன்னொரு ஆளோடு தொட்டிலை இறக்கி, "இந்தாங்கோ மாப்பிள்ளை, பொறுப்பாக் கொண்டு போங்கோ" என்றான். பஸ் முழுக்க ஜன்னலில் நின்றது. எமிலின் திட்டம் வேறாக இருந்தது: பாரம் ஏற்றுமுன் செட்டுக்கு ஓடிப்போய் நிரப்பிவிட்டு வருவது. ஏற்றினால் கணக்குக் கெட்டுவிடும். செட் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. றஞ்சிதா அவருக்குக் கிட்ட வந்தாள்.

"பஸ்ஸுக்குப் பின்னால ஒண்டிப் போனால் பெற்றோல் மிச்சம் எண்டு அந்த வீடியோக்காரன் கத்தேக்க, நான் குசினியில நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

எமில் குனிந்து தொட்டிலின் ஒரு காலைப் பிடித்தார், அதைத் தூக்கப்போகிற மாதிரி.

"பக்கத்தில இருந்த மனுசி என்ர கையைப் பிடிச்சு அழுதிட்டா. 'குடுத்து வைச்சனீங்கள் தங்கச்சி' எண்டு. அவட மனுசன் இப்ப இல்லையாம். நான் என்னத்தைச் சொல்ல? ஓம் அக்கா, அவர் அப்பிடித்தான் எண்டு சொல்லிப்போட்டன்." ஜன்னல்களை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். "என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போடாதேங்கோ."

எமில் முன்கதவைத் திறந்து பிடித்தார். இவ்வளவு காலத்தில் அவர் அதைத் திறந்து பிடித்தது அதுதான் முதல்தரம். அவள் கொஞ்சம் நின்றாள்.

"ஆணையிட்டனான்."

"மாதாவிட்ட நான் கேக்கிறன். திரும்பிப் போகேக்க மடுவுக்குப் போய் ரெண்டு பேருமாக் கேப்பம்."

அவள் ஏறினாள். பஸ் கைதட்டியது. பின் சீற் இல்லாத இடத்தில் தொட்டில் அளவெடுத்துச் செய்தது மாதிரிப் போய் இருந்தது. "சீற்றைக் கழட்டினது இதுக்காவது உதவிச்சுது" என்றாள். கருவாட்டு மணம் கார் முழுக்கப் பரவியது. எமில் நாலு ஜன்னலையும் அடிவரை இறக்கிவிட்டார்.

செட் இடப்பக்கத்தில் வந்தது.

"செட் போகுது" என்றாள் றஞ்சிதா.

"போகட்டும்."

கொஞ்சத் தூரம் போனார்கள்.

"லீற்றருக்கு எவ்வளவு வந்திருக்கும்?" என்றாள்.

"இருபதுக்கு மேல!" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

றஞ்சிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சீலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள். "அப்ப நஸார் தம்பிக்கு என்ன சொல்லுவியள்?"

"நிரப்பிப் பாக்கேல்ல எண்டு சொல்லுறன். தகரப்பெட்டி எண்டே கிடக்கட்டும்."

மகளின் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது, "நிப்பாட்டுங்கோ" என்றாள். எமில் பயந்துபோய் நிறுத்தினார், நன்றாகப் பிறேக் போட்டு.

"முகத்தைப் பாருங்கோ, சட்டிக் கரி மாதிரி. பிள்ளை பயந்திடும்" என்று சீலைத் தலைப்பில் போத்தல் தண்ணீரை ஊற்றித் துடைக்கத் தொடங்கினாள். நெற்றி, கன்னம், காதுக்குப் பின்னால், ஒரு அவசரமும் இல்லாமல். "இருவத்தைஞ்சு வருசம் நான் உங்களுக்குப் பின்னால இருந்து வந்தனான். இண்டைக்கு ஒருநாள் நீங்கள் என்ர பின்னால வந்தியள். கணக்குச் சரியில்லை, ஆனாலும் பரவாயில்லை."

எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டே நின்றது. எமில் அதை நிறுத்தவில்லை.