புரியவில்லை: 41

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. மாத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த கார்குழலி சொன்னது. 2008இல் திருவொற்றியூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் புதன்கிழமைதோறும் போய், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிற கருவிகளை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்று டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. ஒரு டீச்சரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் சிரிக்கவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

2

முதல் வரி, முதல் முயற்சி: "எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்ற அந்த மதியம், உப்புக்காற்றில்..."

வேண்டாம். லாரிகள் எந்த மதியம்தான் நிற்கவில்லை?

இரண்டாவது முயற்சி: "ஞானசெல்வி டீச்சருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே பயம்."

இது பொய். பயந்த டீச்சர் என்றால் கதை சுலபமாக நகரும் என்று எழுதிவிட்டேன். அவள் இரண்டே வாரத்தில் மெயில் தொடங்கி, பாஸ்வேர்டைப் பாடக்குறிப்பு நோட்டில் சிவப்பு மையில் எழுதி, ஹெட்மாஸ்டர் பக்தவச்சலத்திடம் கையெழுத்தும் வாங்கியவள்.*

ஞானசெல்வி எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பாள். நாற்பத்தொரு பிள்ளைகளும் "புரிஞ்...சுது டீச்சர்!" என்று இழுப்பார்கள். அது காதில் விழுந்த பிறகுதான் டஸ்டரை எடுப்பாள்.

(* பாடக்குறிப்பில் என்ன எழுதினாலும் அந்த வாரமே கையெழுத்து வாங்கியாக வேண்டும். அவரும் படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்கிறாள் குழலி.)

3

அந்தப் புதன்கிழமை குழலி காட்டியது ஓர் இலவச ஓட்டெடுப்புத் தளம். கேள்வியும் பதில்களும் நாம் போட்டுக்கொள்ளலாம். யார் எதை அமுக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஹெட்மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நாற்பது பள்ளி டீச்சர்கள் முன்னால் ஞானசெல்வி இதைத் திரையில் காட்ட வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

"இன்று நடத்திய பாடம் புரிந்ததா?" என்ற கேள்வியை ஞானசெல்வியே தேர்ந்தெடுத்தாள். பதில் தெரிந்த கேள்வி என்றால் வம்பில்லை பாருங்கள். பிள்ளைகள் மூன்று மூன்று பேராக லேபுக்குள் வந்து, அமுக்கிவிட்டுப் போனார்கள்.

புரியவில்லை: 41. புரிந்தது: 1.

"ஏம்மா, மேல இருந்ததயே அமுக்கிட்டு ஓடியிருக்குதுங்க," என்றாள் ஞானசெல்வி. "மாத்திப் போடு."

குழலி பதில்களை மேல்கீழாக மாற்றிப் போட்டாள். பிள்ளைகள் மறுபடி வந்தார்கள்.

புரிந்தது: 0. புரியவில்லை: 41.

குழலி திரையையே பார்த்தாள். "உங்க கிளாஸ்ல நாப்பத்தொண்ணுதானே மேடம்? மொத வாட்டி மட்டும் எப்டி நாப்பத்திரண்டு வந்துச்சு?"

ஞானசெல்வி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஒண்ணு நான் போட்டதும்மா. வேலை செய்யுதான்னு அமுக்கிப் பாத்தேன்."

4

இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது. வேலை செய்கிறதா என்று பார்க்க எதை வேண்டுமானாலும் அமுக்கியிருக்கலாமே? (விடுங்கள். நானாயிருந்தாலும் அதைத்தான் அமுக்கியிருப்பேன்.)

அவளுக்கு அவமானமாக இருந்தது. அதை மாத்தூரிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் பார்த்துவிட்டாளே என்பது இன்னும் அவமானம். இருபத்திரண்டு வருஷம், வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகள் என்று மனம் பழக்கத்தில் பெருக்க ஆரம்பித்தது. விடை வருவதற்குள் நிறுத்திக்கொண்டாள்.

"மேடம், அழிச்சிரலாம். ஒரே கிளிக்குதான். வெள்ளிக்கெழமைக்கு வேற கேள்வி போட்டுக்கலாம், பிடிச்ச பழம் எதுன்னு."

பாவம், குழலி நல்லெண்ணத்தில்தான் சொன்னாள்.

5

முடிவு அ: அழித்துவிடுகிறாள். வெள்ளிக்கிழமை மாம்பழம் ஜெயிக்கிறது. கைதட்டல். பக்தவச்சலம் எல்லாருக்கும் டீ வாங்கித் தருகிறார். (நடக்கக்கூடியது இதுதான். அதனால்தான் எழுதப் பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: அன்றே திருந்துகிறாள். ஆண்டுத் தேர்வில் நாற்பத்தொரு பேரும்... மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஒரே மதியத்தில் திருந்துகிற டீச்சரை நான் கதைகளில்தான் பார்த்திருக்கிறேன்.

முடிவு இ: இது குழலி சொன்னது. ஞானசெல்வி எதையும் அழிக்காமல் எழுந்து நேராக வகுப்புக்குப் போனாள். ஆர்வம் தாங்காமல் குழலியும் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றாள்.

"எங்கேர்ந்து புரியல?"

பிள்ளைகள் அவசரமாகக் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

"திட்ட மாட்டேன். நெசமாத்தான் கேக்குறேன், சொல்லுங்க."

மூன்றாவது பெஞ்சிலிருந்து அன்புக்கரசி எழுந்தாள். அதுவரை வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டிராத பெண்.

"டீச்சர், மைனஸ மைனஸால பெருக்குனா பிளஸ்ஸுன்னு சொன்னீங்கோ. அது இன்னாத்துக்கு டீச்சர் பிளஸ் ஆவுது?"

ஞானசெல்வி போர்டுப் பக்கம் திரும்பினாள். அது ரூல் என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். போர்டில் ஒரு மைனஸ் போட்டாள். பக்கத்தில் இன்னொரு மைனஸ் போட்டாள். அதற்குமேல் கை ஓடவில்லை. ஏன் என்று தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக, அட, ஏன்தான் அப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

6

அவள் என்ன சொன்னாள் என்று குழலி சொன்னாள். அதை எழுதினேன், அடித்தேன். அது ஞானசெல்வியின் பதில், உங்களுடையது இல்லை. இந்தத் தாள் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

கோடிட்ட இடத்தை நிரப்புக. பெயர் எழுத வேண்டாம்.

கையில் சாக்பீஸோடு ஞானசெல்வி, "அன்புக்கரசி, ____________________" என்றாள்.