ஒரு டேங்குக்கு ஒரு பாட்டில்

டிராக்டர் வைத்திருக்கிறான் என்றதும் பெருமாளைப் பெரிய கை என்று நினைத்துவிட வேண்டாம். அது முப்பது வருஷத்து வண்டி. அதில் இருபத்திரண்டு வருஷம் அவன் இன்னொருவருக்கு டிரைவராக இருந்து ஓட்டியவன். முதலாளி நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டுச் சென்னைக்குக் கிளம்பும்போது, பழைய இரும்புக்குப் போவதற்கு நீயே வைத்துக்கொள் என்று அவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். பெருமாளுக்கு அது அப்படித் தெரியவில்லை. வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து உத்திரமேரூர் கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான்.

அந்தத் தைரியத்தில்தான் இந்தத் தையில் திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கர் கழனியைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். அவன் மனைவி ஞானசுந்தரிக்கு அது சின்ன விஷயம் இல்லை. பதினான்கு வயதிலிருந்து ஊரார் கழனியில் குனிந்து நடவு நட்ட முதுகு அவளுடையது. சொந்தமாக ஒரு பிடி நாற்று விட்டதில்லை. இந்த முறை விதை நெல்லை ஊறவைத்ததிலிருந்து நாற்றங்காலைச் சுற்றியே கிடந்தாள். புருஷனைக்கூட அவள் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று தெருவில் கேலி பேசினார்கள்.

நாற்று நன்றாக வந்தது. சிக்கல் தண்ணீரில் வந்தது. ஏரியில் பாதிதான் இருக்கிறது என்று ஊர்க்கூட்டத்தில் கணக்குப் போட்டு ஒரு முடிவு எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் எந்தக் கழனியில் தண்ணீர் கட்டிச் சேறாக்கி, நடவுக்குச் சேடை ஓட்டி முடிந்திருக்கிறதோ அதற்குத்தான் இந்தப் போகம் தண்ணீர். அதற்குமேல் ஒரு கழனிக்கும் புதிதாக மடை திறக்க மாட்டார்கள்.

இந்த நேரம் பார்த்து வண்டி காலையில் எழுந்திருக்க மறுத்தது. மேட்டில் நிறுத்தி உருட்டிவிட்டால்தான் உயிர் வரும். வந்தாலும் ஒரே புகை. இதற்கு மருந்து சொல்ல டீக்கடையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. இப்போது வரும் டீசலில் வழவழப்பு இல்லை, இன்ஜினுக்கு டீசல் தள்ளும் பழைய பம்புக்கு ஒத்துக்கொள்ளாது, கொஞ்சம் ஆயில் கலந்துவிடு என்பது ஒரு கட்சி. டீசலில் ஊற்றுவதற்கென்றே பாட்டில் விற்கிறான், அதை வாங்கி ஊற்று என்பது இன்னொரு கட்சி. ஒன்றும் ஊற்றாதே என்பது மெக்கானிக் வேதகிரியின் கட்சி, அதில் அவன் ஒருத்தன்தான். பெருமாளுக்கு வேதகிரி சொன்னால் சொன்னதுதான். ஏன் ஊற்றக் கூடாது என்று இவனும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஞானசுந்தரிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக் கழனிகள் எல்லாம் சேறாகிக்கொண்டிருக்க, இவர்கள் வீட்டு வண்டி மட்டும் இருமிக்கொண்டு நின்றால் வயிறு எரியாதா? செவ்வாய்க்கிழமை உத்திரமேரூர் போய், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பாட்டிலை வாங்கிவிட்டாள். உள்ளே இருக்கும் அழுக்கை எல்லாம் கரைத்து இன்ஜினைப் புதிதாக்கிவிடும், ஒரு டேங்குக்கு ஒரு பாட்டில் என்றார் கடைக்காரர். பாட்டிலிலும் அப்படித்தான் போட்டிருந்தது. பஸ்ஸில் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துக்கொண்டாள்.

டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கும் என்று அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றியிருக்காது. ஐம்பது லிட்டர் பிடிக்கும் அந்த டேங்க், இவர்களிடம் வந்த பிறகு நிரம்பியதே கிடையாது. கையில் காசு வரும்போது கேனில் பத்து லிட்டர் வாங்கி ஊற்றுவான். அது தீர்ந்தால் இன்னொரு பத்து. புதன்கிழமை விடிந்ததும், பெருமாள் பல் விளக்கப் போன நேரத்தில், அந்தப் பத்து லிட்டரில் முழு பாட்டிலையும் கவிழ்த்துவிட்டு, காலி பாட்டிலைக் குப்பைமேட்டில் புதைத்தாள். முதலில் வண்டி ஓடட்டும், அப்புறம் சொல்லிக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

வண்டி ஓடத்தான் செய்தது. உருட்ட வேண்டிய வேலையே இல்லை, சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. சேற்றுக்கென்று மாட்டும் இரும்புக் கேஜ் வீலோடு கழனியில் இறங்கி ஒரு மணி நேரம் அருமையாகச் சுற்றியது. இன்றைக்கு இதற்கு என்ன வந்தது என்றே தெரியவில்லை என்று பெருமாள் சீட்டில் இருந்தபடியே அவளைப் பார்த்துச் சிரித்தான். அப்போதே சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. பாதி ஏக்கராவது முடியட்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

கால் ஏக்கர்தான் முடிந்திருக்கும். வண்டி ஒருமுறை திணறியது, இன்னொருமுறை திணறியது, நடுச்சேற்றில் நின்றுவிட்டது.

வேதகிரி பெருநகர் என்ற பக்கத்து ஊரில் மூன்று வண்டிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போனில்தான் பிடிக்க முடிந்தது. டீசல் பில்டரை எப்போது மாற்றினாய் என்று கேட்டான். பொங்கலுக்கு முன்னால்தான் மாற்றினேன் என்றான் பெருமாள்.

"அப்ப பம்புதான் பூட்ச்சி. போன வருஷமே சொன்னனா இல்லியா? வெள்ளிக்கெழம மத்தியானம் வந்து கழட்டறேன். செங்கல்பட்டு அனுப்பணும், பத்து நாளாவது ஆவும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஞானசுந்தரியும் கேட்டுக்கொண்டிருந்தாள். பம்பு தானாகப் போகவில்லை, தான் ஊற்றியதில்தான் போனது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, செத்தது எழுந்து வருமா என்று வாயை மூடிக்கொண்டாள். அன்று பிற்பகல் முழுக்கப் பெருமாள் ஊரில் இருந்த மற்ற நான்கு டிராக்டர்காரர்கள் வீட்டுக்கும் அலைந்தான். எல்லோரும் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார்கள். தங்கள் தெருவுக்கு எப்போதும் கடைசி முறைதான் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

வியாழக்கிழமை இரண்டு பேரும் ஆளுக்கொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கழனியில் இறங்கினார்கள். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல ஊரில் நாலு பேர் வரப்பில் வந்து நின்றார்கள். முக்கால் ஏக்கரை இரண்டு மண்வெட்டியால் சேறாக்க முடியாது என்று கழனியில் நின்றவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கொத்தினார்கள். பொழுது உச்சிக்கு வரும்போது ஒரு குடிசை போடுகிற அளவு இடம்தான் கலங்கியிருந்தது. பெருமாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"நான்தான் அத்த கொன்னுட்டேன் சுந்தரி. போன வாரம் செங்கல் லோடு இழுத்தேனே, அதுலதான் பூட்ச்சி. வாணாம்னு மனசு சொல்லிக்கினே இருந்துது."

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். பெருமாள் கை நீட்டுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவான், மாதக்கணக்கில். அந்த மௌனத்துக்கு அடி எவ்வளவோ தேவலாம். அவள் குனிந்து மறுபடி கொத்த ஆரம்பித்தாள். கண்ணீர் வந்தது, சேற்றுக் கையால் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஹேமாவதி வந்தாள். ஏரிக்கரையை ஒட்டி ஒரு ஏக்கர் வைத்திருப்பவள். கழனி சேறடித்துத் தயாராக இருந்தது. நாற்றைத்தான் பன்றி மேய்ந்துவிட்டது. நாலு ஊர் தேடியும் ஒரு கட்டு நாற்று எங்கும் இல்லையாம். நியாயமான விலை தருகிறேன், வீணாக முற்றிப் போகவிடாதே பெருமாளு என்றாள். பெருமாள் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. எடுத்துக்கங்கம்மா என்றான். ஹேமாவதி போகிற போக்கில், ஆள் பத்தவில்லை, நாளைக்கு நீயும் நடவுக்கு வந்துடு சுந்தரி என்றாள். அவளிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வழக்கமாகக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஞானசுந்தரி தன் நாற்றைத் தானே பிடுங்கி, கட்டுக் கட்டித் தலையில் சுமந்துபோய், ஹேமாவதி கழனியில் கூலிக்கு நட்டாள். கை பாட்டுக்கு நட்டது.

வேதகிரி மத்தியானம் பைக்கில் வந்தான். சேற்றிலிருந்து வண்டியை முந்தின நாளே கயிறு போட்டு இழுத்து, ஹேமாவதி கழனிக்குப் பக்கத்து ரோட்டோரம் நிறுத்தியிருந்தார்கள். அவன் பையை இறக்கும்போதே பின்னாலேயே ஒரு குட்டி லாரியும் வந்து நின்றது. இறங்கியவன் பழைய இரும்பு வியாபாரி. பெருமாள்தான் வரச் சொல்லியிருந்தான். பம்பைச் செங்கல்பட்டு அனுப்ப வேண்டாம், எடைக்கே போட்டுவிடுகிறேன், இனி இந்தக் கழனி ஆசையே வேண்டாம் என்று அவன் சொன்னது சேற்றில் நின்றவளுக்குக் கேட்டது. வியாபாரி டயரைத் தட்டிப் பார்த்தான்.

ஞானசுந்தரி கையிலிருந்த நாற்றைப் போட்டுவிட்டு வரப்பேறி ஓடினாள்.

"அத்த போடாத. நீ ஒண்ணும் பண்ணல. புதங்கெழம காலைல டீசல்ல பாட்டில் வாங்கி ஊத்துனேன். முழு பாட்டிலு. நான்தான் ஊத்துனேன்."

பெருமாளுக்கு முதலில் புரியவில்லை. வேதகிரிக்குப் புரிந்துவிட்டது. டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது என்று மட்டும் கேட்டான். பத்து லிட்டர் என்றாள். வேறு எதுவும் கேட்காமல் உட்கார்ந்து பில்டரைக் கழற்றிக் கவிழ்த்தான். அதிலிருந்து கறுப்பாகக் கூழ் போல வழிந்தது.

"முப்பது வருஷத்து கசடு டேங்க் அடில படிஞ்சி, அது பாட்டுக்கு கெடந்துதும்மா. பழைய வண்டிக்கு இத்த ஊத்தாதன்னு சொன்னது அதுக்குத்தான். அம்பது லிட்டர்ல கலக்க வேண்டியத பத்து லிட்டர்ல கலக்கி, அத்தினியும் ஒரே நாள்ல கெளப்பி வுட்டுட்ட. புது பில்டரு அடச்சிக்கிச்சி. பம்புக்கு ஒண்ணும் ஆவல." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "அன்னிக்கே சொல்லியிருந்தின்னா அரை மணி நேர வேல தங்கச்சி."

அவன் திட்டிச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, அவளுக்கு அது இன்னும் சுட்டது. வேதகிரி டேங்கைக் கழுவி, பையிலிருந்த புது பில்டரைப் போட்டு, கேனிலிருந்து டீசல் ஊற்றி, டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்துவிட்டான். சரியாக அரை மணி நேரம் ஆனது. வண்டி பிடித்துக்கொண்டது. இரும்பு வியாபாரி லாரியைத் திருப்பிக்கொண்டு போனான்.

இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் பெருமாள் அவள் பக்கம் திரும்பினான்.

"ஏன் சொல்லல?"

"நீ அடிப்பன்னு பயந்துக்கல. பேசாம இருந்துடுவியேன்னுதான்."

அவன் பேசவில்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அவள் மறுபடி சேற்றில் இறங்கினாள். கழனி முக்கால்வாசி பச்சையாகிவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது ஏழெட்டுக் கட்டு. தூரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். பெருமாள் தங்கள் கழனியில் சேடை ஓட்டிக்கொண்டிருந்தான். மடை மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நடுவதற்கு ஒரு நாற்று கிடையாது, ஊரில் எங்கும் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் மூலை முடுக்கு விடாமல், ஓட்டிய இடத்திலேயே திரும்பத் திரும்பச் சுற்றினான். வண்டி ஒருமுறைகூடத் திணறவில்லை.

நடவு நின்னுபோச்சு பார் சுந்தரி என்று வரப்பிலிருந்து ஹேமாவதி குரல் கொடுத்தாள். ஞானசுந்தரி குனிந்து அடுத்த கட்டைப் பிரித்தாள். நாற்று நன்றாக வேர்விட்டிருந்தது. ஒன்றுகூட வீணாகாது, எல்லாம் பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரிந்தது.