கதவில் ஏறிய பாட்டு

தையல்காரி வீட்டு வாசற்கதவு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாட ஆரம்பித்தது. திறந்தால் பல்லவி, சாத்தினால் சரணம். கீல் சத்தம் என்று சொல்லி எண்ணெய் விட்டார்கள். விட்டதும் குரல் இன்னும் தெளிந்தது.

குரல் அவளுடையதுதான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கேசட் கம்பெனிக்கு ஒரே ஒரு பாட்டுப் பாடினாள். ஒருநாள் கூலியைக் கையில் திணித்து, காட்டிய இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பாட்டு ஊரெல்லாம் ஓடியது. அவள் தையல் மெஷினை ஓட்டினாள். மகள் பிறந்த வருஷம் தொண்டையில் கட்டி வந்து, டாக்டர்கள் கட்டியோடு குரலையும் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் மகளுக்கு அம்மா குரல் என்றால் போனில் இருந்த அந்தப் பாட்டுதான். ஏற்றிக்கொடுத்தவன் தெருமுனையில் செல்போனுக்குப் பாட்டு ஏற்றும் கடைக்காரன். மெமரி என்று அவனுக்குப் பட்டப்பெயர். எல்லாப் பாட்டுக்கும் காசு கேட்பான், இதற்கு மட்டும் வாங்க மாட்டான். அக்கா பாட்டுக்குக் காசு வாங்கினால் கை விளங்காது என்பான்.

கம்பெனிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. கோர்ட்டு உத்தரவோடு வந்த ஆள், மெமரியை முன்னால் விட்டு வீடு வீடாகப் பாட்டை அழிக்கவைத்தான். கடைசியாகத் தையல்காரி வீடு. பாடினவளிடமும் இருக்கக்கூடாதாம். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறும். பாம்புக்குப் பட்டா எழுதிக்கொடுப்பதற்குப் பெயர் சட்டம். மகள் நெஞ்சோடு அணைத்திருந்த போனைக் கம்பெனி ஆள் பிடுங்கி மெமரியிடம் கொடுத்தான்.

மெமரிக்குத் தொழிலில் ஒரு பழக்கம், கேட்காமல் எதையும் அழிக்க மாட்டான். அன்றும் வாய் தன்னால் கேட்டது.

"அழிக்கிறேன்க்கா. வேற எதுல ஏத்தட்டும்?"

அவள் கம்பெனி ஆளை முறைத்து, வெளியே போடா என்பதுபோல் கதவைக் காட்டினாள். மெமரி தலையாட்டிவிட்டு அழித்தான். ஆள் கிளம்பக் கதவைத் திறந்தான், அது பாடியது.

கதவைக் கழற்றிக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். கம்பெனி வக்கீல் தொண்டை வற்றப் பேசியபின் மகள் எழுந்தாள்.

"கதவு எங்களுது. குரல் எங்கம்மாது. பாட்டு மட்டும் அவங்களுதுன்னா, குரலை விட்டுட்டுப் பாட்டை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்கய்யா."

தீர்ப்பு கம்பெனிக்குத்தான் போனது. வேறு எங்கே போகும்? கதவைக் குடோனில் பூட்டினார்கள்.

தையல்காரி புதுக்கதவு போட்டாள். மாட்டி ஒரு ராத்திரி ஆனதும் அதுவும் பாடியது. சங்கதி தெரிந்ததும் தெரு சும்மா இருக்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கதவைத் தலையில் சுமந்து வந்து அவள் வாசலில் மாட்டி, பாட்டு ஏறியதும் கழற்றிப் போனார்கள். மெமரி ஸ்க்ரூ டிரைவரோடு நின்று, யாரும் முந்தாமல் பார்த்துக்கொண்டான். பக்கத்துத் தெருக்காரர்கள் வண்டியில் கொண்டுவந்தார்கள். கதவே இல்லாத ஒருவன் ஜன்னலைக் கொண்டுவந்தான். கம்பெனி ஆள் புது உத்தரவோடு வந்தபோது, எந்த வீட்டில் கொடுக்கக் கதவைத் தட்டினாலும் பாட்டு வந்தது. இத்தனை கதவையும் எந்தத் திண்டுக்கல் பூட்டுப் போட்டுப் பூட்டுவாய் என்று மெமரி கேட்டதும், ஆள் உத்தரவை மடித்துக்கொண்டு கிளம்பினான்.

வருஷங்கள் போய்விட்டன. தீர்ப்பு அப்படியே இருக்கிறது, கதவுகளும் அப்படியே. மகள் வேலைக்குக் கிளம்பும்போது கதவைத் திறக்கிறாள், அம்மா பாடுகிறாள். "வர்றேம்மா" என்று கதவிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். மெஷினில் உட்கார்ந்திருக்கும் அம்மா தலையாட்டுகிறாள். மழைக்காலத்தில் மரம் உப்பிக் குரல் கொஞ்சம் கம்மும்; எண்ணெய் விட்டால் சரியாகிவிடுகிறது.