ஏழு நொடி முந்திய சிரிப்பு

“நூறாவது வாரம் யாரு முன்னாடி நிக்கிறாங்களோ, அவங்க ஒண்ணு கேட்டுக்கலாம்.”

“என்ன கேக்கலாம்?”

“என்ன வேணாலும்.”

“அடுத்தவங்க மாட்டேன்னுட்டா?”

“மாட்டேன்னு சொல்லலாம். தெரியாதுன்னு மட்டும் சொல்லக்கூடாது.”

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சின்னமனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், கையில் பாயச டம்ளரோடு லிங்கேஸ்வரன் சொன்னது இது. அன்றைக்குத் தாலி கட்டியது யார், கட்டிக்கொண்டது யார் என்று பவதாரணியைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள். ஆனால் மண்டபத்து டி.வி.யில் அப்போது ஓடிய கேள்வியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். நத்தைக்கு எத்தனை பல்? பந்தியில் இருந்த இருநூறு பேரில் இலையை விட்டு நிமிர்ந்து, “ஆயிரக்கணக்குல” என்று ஒரே நேரத்தில் சொன்னவர்கள் இரண்டே பேர்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வரும் அந்த நிகழ்ச்சிக்குப் பெயர் ‘தெரியாதுன்னு சொல்லாதே’. ஒரு தொகுப்பாளர், மூன்று வாயாடிகள், யாருக்கும் பிரயோஜனமில்லாத பத்துக் கேள்விகள். பதில் தெரியாவிட்டால் புளுகலாம், பாட்டுப் பாடலாம், பக்கத்தில் இருப்பவரின் மாமியாரை வம்புக்கு இழுக்கலாம். ‘தெரியாது’ என்ற சொல் மட்டும் வாயில் வந்தால், மேலேயிருந்து ஒரு வாளித் தண்ணீர் தலையில் கொட்டும். நடுவில் உட்காரும் மொட்டைத்தலைப் பேராசிரியர் வாரம் தவறாமல் நனைவார். நாலு டிகிரி வாங்கியவர். உண்மையைச் சொல்லிவிடும் பழக்கம் அவரை விடவில்லை.

“இதையும் ஒரு சோலின்னு உக்காந்து பாக்குறியே ஆத்தா” என்பாள் பவதாரணியின் அம்மா அய்யம்மாள். சொல்லிவிட்டு, பூண்டு உரிக்கிற சாக்கில் பேராசிரியர் நனையும் வரைக்கும் எழுந்து போகமாட்டாள். அப்பா இறந்த பிறகு போடியில் அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பெண் பார்க்க வந்த ஒருவன், போயும் போயும் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்து, அவள் கேட்ட மூன்று கேள்விக்கும் ‘தெரியாது’ என்றான். தலையில் ஊற்ற வீட்டில் வாளி இருந்தது. அய்யம்மாள்தான் ஓடிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினாள்.

லிங்கேஸ்வரன் தேவாரத்துக்காரன். போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ரைட்டர். வேலைக்கு வந்தவர்களின் பெயரை எழுதுவது, பறித்த காயை நிறுத்துப் போடுவது, மிச்ச நேரத்தில் குரங்கு விரட்டுவது அவன் வேலை. “எங்கப்பா கீழ யானைய வெரட்டுறாரு, நான் மேல கொரங்க வெரட்டுறேன். பரம்பரைத் தொழில்” என்பான். மண்டபத்திலேயே அய்யம்மாள் நாலு பேரிடம் விசாரித்து, சுற்றிவளைத்து அவன் மச்சான் முறை என்று கண்டுபிடித்துவிட்டாள். பவதாரணி ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘நீங்க’ என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆட்டம் இதுதான். அவன் மேலே மலையில் பார்ப்பான், அவள் கீழே போடியில் பார்ப்பாள். கேள்வி வந்ததும் பதிலைப் போனில் தட்டி அனுப்பவேண்டும். சரியான பதில் யாருடையது முதலில் வருகிறதோ அவருக்கு ஒரு பாயிண்ட். பத்துக் கேள்வியில் அதிகம் எடுத்தவருக்கு அந்த வாரம். நிகழ்ச்சி முடியும்வரை போன் பேசக்கூடாது.

இதில் பவதாரணி தோற்பதற்கு நியாயமே இல்லை. அவள் ஏலக்காய் வியாபாரி பெரியகருப்பனிடம் வேலை பார்க்கிறாள். ஏலம் நடக்கும்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவருக்காகப் பட்டன் அழுத்துவது அவள்தான். விலை ஏறி நிற்கிற அந்த அரை நொடியில் மூட்டையைத் தட்டிக்கொண்டு போய்விடும் விரல் அவளுடையது. மற்ற வியாபாரிகள் அந்தக் கட்டைவிரலைக் கண்ணு வைத்துவிட்டார்கள் என்று பெரியகருப்பன் ஒருமுறை எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்.

அப்பேர்ப்பட்ட விரல், வாராவாரம் குரங்கு விரட்டுகிற ஒருவனிடம் தோற்றது. தொண்ணூற்றெட்டு வாரம் முடிந்தபோது அவனுக்கு அறுபது, அவளுக்கு முப்பத்தேழு. மூடுபனியில் அவன் டி.வி. படுத்துவிட்டதால் ஒரு வாரம் கணக்கில் இல்லை. ஏலக்காய் எந்தச் செடியின் சொந்தக்காரன் என்று கேட்ட கேள்வியில் மட்டும் இரண்டு பேருக்குமே பாயிண்ட் போச்சு. இஞ்சி என்பது பதில். அவன் மிளகு என்று அனுப்பினான். அவள் ‘கேரளாக்காரன்’ என்று அனுப்பினாள்.

தோற்றதில் அவளுக்கு எரிச்சல் உண்டு, வருத்தமில்லை. நூறாவது வாரம் அவன் முன்னால் நிற்பான், கேட்பான். என்ன கேட்பான் என்பது அவளுக்குத் தெரியும். தெரியும் என்று நம்பினாள். நிகழ்ச்சி முடிந்ததும் ஒவ்வொரு வாரமும் அதே விஷயத்தை அவளே போனில் தட்டுவாள், படிப்பாள், அழித்துவிடுவாள். லட்ச லட்சமாய் ஏலம் எடுக்கிற கட்டைவிரல், அனுப்புகிற அந்த ஒரு பட்டனை மட்டும் தொடவில்லை. அவனே கேட்கட்டும்.

தொண்ணூற்றொன்பதாவது வாரம் பதினொன்றே முக்காலுக்குத் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போனது. வேறு வழியில்லாமல் அவனைக் கூப்பிட்டாள்.

“போன டி.வி. பக்கத்துல வைங்க. நான் காதால கேட்டு விளையாடுறேன்.”

“வேணாமே. இந்த வாரத்த விட்டுருவோமே.”

“ஏன், பயமா?”

“அதில்ல... சரி, வைக்கிறேன்.”

பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கப் பார்க்கிறான் என்று நினைத்தாள். காதால் கேட்டு விளையாடியதில் முதல் நாலு கேள்வியும் அவளுக்கே. ஐந்தாவது, ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம். போனில் பேராசிரியர் ‘தெரியாது’ என்றார். தண்ணீர் கொட்டியது. கூட்டம் சிரித்தது. அந்தச் சமயம் பார்த்துப் போடியில் கரண்ட் வந்தது.

வீட்டு டி.வி.யில் தொகுப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். “ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?”

அய்யம்மாள் பூண்டைக் கீழே போட்டாள். “என்னடி இது, மேல நனைஞ்சவன் கீழ காஞ்சுபோய் உக்காந்திருக்கான்?”

பவதாரணி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த கேள்விக்கு எண்ணினாள். அதற்கடுத்த கேள்விக்கும் எண்ணினாள். மலையில் சிரித்து முடித்த ஏழாவது நொடியில் ஊருக்குள் சிரித்தார்கள். அவனுக்குக் கூரைமேல் டிஷ், அவளுக்குத் தெருவோடு வரும் கேபிள். ஒரே கேள்வி, அவனுக்கு ஏழு நொடி முந்தி.

“உங்க டி.வி. எவ்வளவு முன்னாடி ஓடுது?” என்று நிகழ்ச்சி முடிந்ததும் கேட்டாள்.

“தெரி...” என்று ஆரம்பித்தவன் வார்த்தையைக் கடித்துக்கொண்டான். “ஏழு செகண்டு.”

“எப்பருந்து தெரியும்?”

“நாப்பதாவது வாரத்துலருந்து. அப்ப நான் பின்தங்கி இருந்தேன். அதான் சொல்லல. உங்களுக்குக் கேள்வி வர்ற வரைக்கும் எண்ணிட்டுத்தான் பதில அனுப்புவேன்.”

அவள் போனை வைத்துவிட்டாள். அந்த வாரம் அவள் ஜெயித்தாள், முப்பத்தெட்டு. அது யாருக்கு வேண்டும்?

திங்கள் முதல் வெள்ளி வரை அவனிடமிருந்து பதினான்கு மன்னிப்பு வந்தது. பதிமூன்றைப் படித்து, இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று விட்டுவைத்தாள். பதினான்காவதை மட்டும் இரண்டு தடவை படித்தாள். ‘நூறாவது வாரம் நான் எதுவும் கேக்க மாட்டேன். கேக்குற தகுதி எனக்கில்ல.’

ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த நல்லவன் வேஷத்தைத்தான் பொறுக்கமுடியவில்லை. இரண்டு வருடம் காத்திருந்தது, இவன் திடீரென்று யோக்கியனாகி வாயைப் பொத்திக்கொள்வதற்கா? ‘ஞாயித்துக்கெழம வர்றேன். டி.வி.ய தொடச்சு வைங்க’ என்று மட்டும் அனுப்பினாள்.

“நானும் வர்றேன்” என்றாள் அய்யம்மாள்.

“நீ எதுக்கு?”

“அந்தப் பய மூஞ்சிய பாக்கணும். அறுபது வாரம் பொய்யி சொல்லியிருக்கான். மாப்ளைக்கு ஆகுற ஆளுதான்.”

மலையேறும் பஸ்ஸில் பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கும் அய்யம்மாள் எலுமிச்சம்பழத்தை மூக்கைவிட்டு எடுக்கவில்லை. பன்னிரண்டாவது வளைவில் மட்டும் எடுத்து, “அவன் கேக்கலேன்னா என்ன செய்வ?” என்றாள். பவதாரணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே போடி, யாரோ கொட்டிவிட்டுப் போன தீப்பெட்டிகள் மாதிரிக் கிடந்தது.

“தெரியாதும்மா.”

“தண்ணி பாட்டில் கையிலதான் இருக்கு. ஊத்திருவேன்.”

லிங்கேஸ்வரன் பஸ் நிற்கும் இடத்திலேயே காத்திருந்தான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான், முகத்தை மறந்துவிட்டான். தகரக்கூரை போட்ட குவார்ட்டர்ஸில் டி.வி. நிஜமாகவே துடைத்து வைக்கப்பட்டிருந்தது. கோழிக்குழம்பு வாசம் வந்தது. “மொதல்ல சாப்புடுங்க அத்தை” என்றான்.

“மொதல்ல தோத்துட்டு வா, அப்புறம் சாப்புடுவோம்” என்றாள் அய்யம்மாள்.

ஒரு பாயில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அய்யம்மாள் நடுவில். கேள்வி வந்ததும் இரண்டு பக்கமும் தட்டுகிற சத்தம், உடனே இரண்டு போனிலும் மணிச்சத்தம். மூன்று கேள்வி வரை பொறுத்தாள்.

“கைநீட்டுனா தொடலாம். இதுக்கு எதுக்கு ரெண்டு பேருக்கும் போனு? வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று எழுந்தவள், ஏலச்செடியைப் பார்த்துவிட்டு வருவதாக வெளியே போனாள். வாழ்நாள் முழுக்க ஏலக்காய் ஊரில் இருந்துகொண்டு ஏலச்செடி பார்க்கப் போகிறாளாம்.

எட்டுக் கேள்வி முடிந்தபோது பவதாரணிக்கு ஆறு, அவனுக்கு இரண்டு. மலைச்சரிவிலிருந்து பனி ஏறி வந்து ஜன்னலை மூடியது. பேராசிரியர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோனார். பிறகு திரையில் சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும் நின்றது.

“இனி ஒரு மணி நேரம் வராது” என்றான் லிங்கேஸ்வரன்.

“ஏழு செகண்டு முன்னாடி கேள்வி கேட்டும் முப்பத்தெட்டு வாரம் தோத்திருக்கீங்க. அது எப்படிங்க?”

“எனக்கும் அதான் வெக்கமா இருக்கு. ஏமாத்துனதவிட.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு தூரம் கட்டிக் கொண்டுவந்த கோபம் அங்கேயே கொட்டிப்போனது.

“உங்க அறுபதையும் அழிச்சாச்சு. சம்மதமா?”

“சம்மதம்.”

“என்னது முப்பத்தெட்டு. இன்னைக்கோட முப்பத்தொம்பது. இப்ப யாரு முன்னாடி நிக்கிறா?”

“நீங்க.”

“அப்ப நான் கேக்கலாம்.”

“கேளுங்க.”

வழக்கம்போல அவள் கை போனைத்தான் எடுத்தது. கட்டைவிரல் தட்ட ஆரம்பித்தது. நாலு எழுத்து தட்டியதும் நின்றது.

“அதேதானா?” என்றான் அவன் மெதுவாக.

“எது?”

“வாராவாரம் நிகழ்ச்சி முடிஞ்சதும் நீங்க என்னமோ தட்டுறீங்கன்னு உங்க பேருக்குக் கீழ காட்டும். நானும் பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம். அப்புறம் ஒண்ணும் வராது. நம்ம மேல என்ன கோவமோன்னு நெனைப்பேன். ஒருநா எட்டு நிமிசம் காட்டுச்சு. அன்னைக்குக் குழம்பு அடிப்பிடிச்சுப் போச்சு.”

பவதாரணிக்குக் காதுவரை சூடேறியது. இத்தனை வாரமும் அழித்ததாக நினைத்ததையெல்லாம் இவன் இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். வெளியே அய்யம்மாள், “மூணு மணிக்கு பஸ்சு. வெரசா முடிங்க” என்று செடிகளிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

பவதாரணி போனைப் பாயில் கவிழ்த்து வைத்தாள். கட்டைவிரலை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது.

“நம்ம ரெண்டு பேருக்கும் இனிமே ஒரு டி.வி. போதும். என்னையக் கட்டிக்கங்க மச்சான்.”