கிணறு வெட்டும் காட்சி

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய அந்தப் பள்ளிக்கூடத்தில் நிறுவனர் நாள் என்றால் ஒரே நாடகம்தான். பள்ளியை நிறுவிய வெள்ளைக்காரத் துரை வருவார். தண்ணீருக்குத் தவிக்கும் ஊரைப் பார்த்து மனமிரங்கிக் கிணறு வெட்டுவார். ஊரே மண்டியிட்டுக் கும்பிடும். துரை வேஷத்துக்கு இருப்பதிலேயே சிவப்பான பையனைப் பிடித்து, அவன் முகத்திலும் அரை டப்பா பவுடரைக் கொட்டுவார்கள். எழுதி இயக்குவது கஸ்தூரிரங்கன் சார். இருபத்திரண்டு வருஷமாக அவர்தான்.

இந்த வருஷம் அவருக்கு முட்டியில் ஆபரேஷன். பொறுப்பு தமிழாசிரியை சத்யபிரியாவின் தலையில் விழுந்தது. அவளும் அங்கேயே படித்தவள்தான். மூன்று வருஷம் அந்த மேடையில் மண்டியிட்டிருக்கிறாள். ஒருமுறை துரைசானி வேஷம் கேட்டதற்கு, "உனக்கு அது எடுக்காதும்மா" என்றார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கும் புரியாமல் இல்லை.

முதல் ஒத்திகையில் துரை கையை நீட்ட, கிணற்றில் தண்ணீர் வந்தது. வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்த பச்சையம்மா சிரித்துவிட்டாள். பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் ஒப்பந்த ஊழியர் அவள்.

"என்னக்கா சிரிக்கிறீங்க?" என்றாள் சத்யபிரியா.

"கெணறு வெட்ற தொர கையில ஒரு கடப்பார கூட இல்லியே மிஸ்."

பிள்ளைகள் போனபிறகு பச்சையம்மா மீதியைச் சொன்னாள். நிஜத்தில் அந்தக் கிணற்றை வெட்டியது அவளுடைய தெரு ஆட்கள், பன்னிரண்டு பேர். பாதியில் மண் சரிந்து அவள் தாத்தாவின் அப்பா உள்ளேயே போய்விட்டார்.

"தண்ணி வந்தப்பறம் எங்க ஆளுங்க மொள்ளக் கூடாதுன்ட்டாங்க. ஊர்க்காரங்க சொன்னாங்க, தொரையும் தலய ஆட்டிட்டாரு. எங்க தெருவுல யாரும் இந்த நாடகத்துக்கு வரமாட்டோம்."

அன்று சானடோரியம் ஸ்டேஷனில் இரண்டு மின்சார ரயில்கள் வந்து போயின. சத்யபிரியா ஏறவில்லை. பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஒரு வாரத்தில் கிணறு வெட்டும் மூன்றாம் காட்சியை மாற்றி எழுதிவிட்டாள். காட்சியின் கடைசியில் பச்சையம்மாவே மேடையேற வேண்டும் என்று கேட்டாள்.

"என்னிய பேஜார்ல மாட்டி வுடாத மிஸ். உன்னிய திட்டுவாங்க, என்னிய தூக்கிடுவாங்க."

சத்யபிரியா அப்புறம் வற்புறுத்தவில்லை. நான்கு நாள் கழித்து பச்சையம்மாவே வந்தாள். "நா இன்னா சொல்லணும்?"

"'இந்தக் கிணத்துக்குள்ள என் பூட்டன் இருக்காரு.' அவ்வளவுதான்."

நிறுவனர் நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் கடப்பாரையோடு குனிந்தார்கள், மண் சரிந்தது. துரை வந்தார்; ஒருவரும் மண்டியிடவில்லை. முன்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. பச்சையம்மா நீலச் சீருடைப் புடவையோடு ஏறினாள். வசனத்தைச் சொன்னாள். ஆனால் இறங்கவில்லை.

"அவரு பேரு சின்னாண்டி" என்றாள். "கூட வெட்னவங்க பேரும் எனக்குத் தெரியும்."

ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். இது சத்யபிரியா எழுதியதில் இல்லை. நான்காவது பெயரில் தாளாளர் திரையை இழுக்கச் சொல்லிக் கையசைத்தார். திரைக்காரர் பச்சையம்மாவுக்கு உறவோ என்னவோ, கயிற்றைத் தேடிக்கொண்டே இருந்தார். ஏழாவது பெயரில் மகளின் நடிப்பைப் பார்க்க வந்திருந்த ஆட்டோக்காரர் எட்மண்ட் பின்னாலிருந்து எழுந்துவிட்டார். "அது எங்க பெரிய தாத்தா!" சிலர் கைதட்டினார்கள். ஒரு தகப்பனார் பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

திங்கட்கிழமை சத்யபிரியாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பச்சையம்மாவை வரவேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். சத்யபிரியா தாளாளரிடம் ஓடினாள். "அது காண்ட்ராக்டர் விஷயம்மா" என்று அவர் ஃபைலைத் திறந்துகொண்டார்.

மாலையில் கஸ்தூரிரங்கன் சார் போன் செய்தார். "அந்தப் பேரெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நான் யாரையும் கேட்டதில்லை. இருந்தாலும் சீஃப் கெஸ்ட் முன்னாடியா?"

மறுநாள் பச்சையம்மாவின் வீட்டு வாசலில் சத்யபிரியா உட்காரக்கூட இல்லை. "மன்னிச்சிருங்கக்கா, என்னாலதான்" என்று ஆரம்பித்தாள்.

"நாந்தான் மொதல்லியே சொன்னேனே, தூக்கிடுவாங்கன்னு. தெரிஞ்சிதான் ஏறினேன். என் பங்கையும் சேத்து நீ இன்னாத்துக்கு அழுவுற? பெருங்களத்தூர்ல ஒரு அபார்ட்மெண்ட்ல வேலைக்குக் கூப்ட்டுக்கிறாங்க." பச்சையம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "எங்க தெருவுல நாடகம் போடணும்னு கேக்கறாங்க. ஆனா நீ எழுதினது பத்தாது. சின்னாண்டி பொஞ்சாதி எங்க?"

சத்யபிரியா அங்கேயே நோட்டை எடுத்தாள். கிணற்றடியில் மனைவி விழுந்து புரண்டு அழுகிறாள் என்று எழுதிப் படித்துக் காட்டினாள்.

"அட்ச்சிடு" என்றாள் பச்சையம்மா. "அவங்க எட்டாம் நாளே அதே கெணத்துல மண்ணு சொமந்தாங்க. வூட்ல மூணு புள்ளிங்க கீது. எங்க அழுவறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் நாடகம் நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஏழு பேரைத்தான் பெற்றோர் அனுப்பினார்கள். மீதி வேஷங்களைத் தெருக்காரர்களே கட்டினார்கள். மண் கூடையைத் தலையில் வைத்து பச்சையம்மா நடந்தபோது, உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றுவிட்டார்கள்.

முடிந்தும் யாரும் கலையவில்லை. "பன்னெண்டு பேர் இல்ல, பதினாலு!" என்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். அவர் சொன்ன பெயரை இன்னொருவர் மறுத்தார். மெமோவுக்குப் பதில் எழுத நாளைதான் கடைசி நாள் என்பது சத்யபிரியாவுக்கு நினைவு வந்தது. அவள் நோட்டின் புதுப் பக்கத்தைத் திருப்பி, "ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றாள். யாரும் ஒவ்வொருவராகச் சொல்லவில்லை.