வட்டம் போடாத தாள்

காட்டையே பார்க்காமல் காட்டை எழுதிப் பிழைத்த குடும்பம் ஒன்று உண்டென்றால் அது இவர்கள்தான். கடற்கரை நகரத்தில், துறைமுகச் சாலை மாடியில், ஒரு சின்னப் பயண அலுவலகம். அங்கே மருமகள் வழித்தாள் எழுதுவாள். அவள் கணவன் அதைக் கணினியில் அடித்து அச்செடுப்பான். வீட்டில் மாமியார் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து பிழை பார்ப்பாள். வழித்தாள் என்பது, விடுமுறை நாளில் காரை எடுத்துக்கொண்டு மலைக்காட்டுக்குப் போகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ளும் ஒற்றைத் தாள். எத்தனையாவது கிலோமீட்டரில் திரும்புவது, எங்கே இறங்கி நடப்பது, எந்தக் கிளைப்பாதை அருவிக்குப் போகும், எல்லாம் அதில் இருக்கும். போன் இருக்கிறதே என்று கேட்காதீர்கள், காட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஓட்டுநர்கள் போய்வந்து கிறுக்கித் தரும் நோட்டைப் பார்த்துத்தான் மொத்தமும் எழுதுவது. மூன்று பேரில் ஒருவர்கூட அந்தக் காட்டில் கால் வைத்ததில்லை. அப்படியே நாற்பத்திரண்டு வழித்தாள் எழுதிவிட்டார்கள்!

மாமியார் லேசுப்பட்ட ஆள் இல்லை. அச்சகத்தில், ஜன்னல் இல்லாத அறையில், முப்பத்தாறு வருடம் பிழை திருத்தியவள். அவள் கண்ணில் மண்ணைத் தூவ எவராலும் முடியாது. மருமகள் வீட்டுக்கு வந்த புதிதில் எழுதிவைத்த மளிகைச் சீட்டைக்கூடத் திருத்தி, ஓரத்தில் டிக் போட்டு மேசைமேல் வைத்தாள். மருமகளுக்கு அன்றைக்கு வந்த கோபம் பதினாலு வருடம் ஆகியும் முழுசாக ஆறவில்லை. ஆனால் அந்த டிக் இல்லாமல் ஒரு தாளையும் வெளியே விடமாட்டாள், அது வேறு விஷயம்.

அந்தக் கண்ணுக்குத்தான் கேடு வந்தது.

"நடுப்பார்வை கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும். ஓரத்துல வெளிச்சமும் கலரும் தெரியும். ஆறு மாசம், எட்டு மாசம், சொல்ல முடியாது" என்றார் கண் டாக்டர். மாமியாரோ திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு பேச்சு எடுத்தாள்.

"ஏம்மா, பதினேழாம் நம்பர் தாள்ல நடுவுல ஒரு வரி வருமே?"

மருமகளுக்கு மனப்பாடம். 'இங்கே காடு முடியும் இடத்தில் கடல் தொடங்குவதைக் காணலாம்.'

"அதேதான். எத்தனை தடவை டிக் போட்டிருப்பேன்! அது நிஜமான்னு ஒரு தடவை என் கண்ணால பார்த்துடணும். கரையில நின்னா கடல் வெறும் கோடுதானே. மேல இருந்து பார்க்கணும்."

"கூட்டிட்டுப் போறேன் அத்தை. பக்காவா பிளான் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மருமகள்.

அந்தப் பக்காவில்தான் எல்லாம் கெட்டது. முதல் மாதம் மேகம், அடுத்த மாதம் மழை, அதற்கடுத்த மாதம் மூடுபனி. ஒரு தடவை தேதி வைத்து, வாடகைக் கார் சொல்லி, முந்தின நாள் வானிலைச் செய்தியில் 'லேசான மேகமூட்டம்' என்று கேட்டதும் ரத்து செய்தாள். அத்தை பார்க்கப் போவது ஒரே தடவை, அது குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. மாமியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு நாள் மட்டும், துணி மடித்துக்கொண்டே, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு ஆக்கிடாதே தாயே" என்று சிரித்தாள். மருமகளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கிற விஷயமா அது?

ஐந்தாவது மாதம் வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. தேதி வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து வன இலாகா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. பதினேழாம் தாளின் பாதை வனச் சோதனைச் சாவடியில் தொடங்கி இருபது கிலோமீட்டர் சுற்றிச் சாவடிக்கே வந்து சேரும் ஒற்றை வளையம். இதுவரை இடப்பக்கமாகப் போய் வலப்பக்கமாக வந்தார்கள். இனிமேல் வலப்பக்கமாகப் போய் இடப்பக்கமாக வரவேண்டுமாம்.

அப்படியானால் தாளைத் திருப்ப வேண்டும். கடைசி வரி முதல் வரியாகும். இடதெல்லாம் வலதாகும். ஏழாவது கிலோமீட்டரில் இருந்த இடம் பதின்மூன்றுக்குப் போகும். அலுவலகத்தில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு: யார் திருப்பினாலும் தாளின் மூலையில் சிவப்பு வட்டம் போட வேண்டும். வட்டம் இருந்தால் திருப்பியாகிவிட்டது, இல்லையென்றால் இல்லை. மருமகள் அன்று வீட்டில், கட்டிலில் உட்கார்ந்து தாளைத் திருப்பினாள். சிவப்புப் பேனா அலுவலகத்தில் இருந்தது. நம் வீட்டுத் தாள்தானே என்று வட்டம் போடாமல் கணவனின் பையில் வைத்தாள்.

கணவன் மறுநாள் பார்த்தான். வட்டம் இல்லை. பாவம், மறந்துவிட்டாள் போல என்று அவனே உட்கார்ந்து மறுபடி திருப்பினான். வலதெல்லாம் இடதாக, பதின்மூன்று ஏழாக, பழைய பாதையே திரும்ப வந்து உட்கார்ந்தது. அம்மாவுக்காக எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து, "பாரும்மா" என்று கொடுத்தான். மாமியார் தாளை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அடியில் டிக் போட்டாள்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். கணவன் ஓட்டினான், பக்கத்தில் மருமகள் தாளோடு, பின்னால் மாமியார். சாவடியில் காவலர் "வலது, வலது" என்று கையை வீசினார். அவர் கை சொன்ன பக்கம் வண்டி திரும்பியது. 'சாவடியில் இடப்பக்கம் திரும்பவும்' என்ற முதல் வரியை யாரும் பார்க்கவில்லை.

"மூணாவது கிலோமீட்டர்ல மரப்பாலம்" என்று வாசித்தாள் மருமகள்.

மூன்று வந்தது. பாலம் வரவில்லை. சாலைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் மட்டும் போனது.

"இதுதான் பாலமா?" என்றான் கணவன்.

"பழைய பாலத்தை எடுத்துட்டுக் குழாய் போட்டிருப்பாங்க."

"அஞ்சுல இடது பக்கம் பாறைச் சுவர்னு போட்டிருக்கே? இடது பக்கம் பள்ளம்தான் இருக்கு."

"பாறை வலது பக்கம் இருக்குல்ல? நோட்டு எழுதின டிரைவர் கையை மாத்தி நினைச்சிருப்பார்" என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! தாள் தப்பாக இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அத்தை டிக் போட்ட தாளாயிற்றே. காடுதான் எங்கோ தப்பாக இருக்கிறது.

நடுவில் ஒரு தடவை நிறுத்தி, இறங்கி, முன்னும் பின்னும் நடந்து பார்த்தார்கள். ஒரு தடவை பாதையே இல்லாத இடத்தில் கிளைப்பாதை தேடி முக்கால் மணி நேரம் போனது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே மரம், அதே பச்சை. மருமகளுக்குத் தலை சுற்றியது. பின் சீட்டில் மாமியார் மட்டும் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "என்ன குளிர்ச்சி, என்ன குளிர்ச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஏழுல வெள்ளைக் கல். வண்டியை நிறுத்தவும்" என்று வாசித்தாள் மருமகள். அடுத்த வரியைப் பார்த்து விழித்தாள். "வெள்ளைக் கல். வண்டியை நிறுத்தவும். என்னங்க இது, ஒரே வரி ரெண்டு தடவை வந்திருக்கு?"

"ரெண்டு தடவை நிறுத்தணுமோ என்னவோ" என்றான் கணவன்.

கல் இருந்தது. வெள்ளை இல்லை. சுண்ணாம்பு மழையில் கரைந்திருக்கும் என்று முடிவு செய்து இறங்கினார்கள். தாளில் 'பத்து நிமிட நடை, இரும்புக் கைப்பிடி, பெஞ்சு' என்று இருந்தது. ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கத்தான் செய்தது. மாமியார் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பத்து நிமிடத்தில் ஒரு முள்கம்பி வேலி. அதற்கு இந்தப் பக்கம் வெட்டிப் போட்ட ஒரு அடிமரம்.

வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் எட்டிப் பார்த்த மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. மரக் கிடங்கு. வெட்டிய மரங்களை வரிசை வரிசையாக அடுக்கி, மழைக்குப் பயந்து, மேலே ஒரே நீலத் தார்ப்பாயாக விரித்திருந்தார்கள். காற்றில் அது பொங்கிப் பொங்கி அடங்கியது. கடலும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. அஞ்சு மாதம் காத்து, நாள் பார்த்து, நேரம் பார்த்து, கடைசியில் அத்தையை விறகு பார்க்கக் கூட்டி வந்திருக்கிறாள்.

"அத்தை, மன்னிச்சிடுங்க..." என்று திரும்பினாள்.

மாமியார் அடிமரத்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, கடைக்கண்ணால் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது.

"அடேயப்பா! எவ்வளவு நீலம்!" என்றாள். "பச்சை முடியுற இடத்துல அப்படியே தொடங்குது பாரேன். அலைகூட அசையுது! அந்த வரி சரிதாம்மா. ஒரு எழுத்து மாத்த வேண்டாம்."

கணவன் வாயைத் திறந்தான். மருமகள் அவன் கையைப் பிடித்து இறுக்கினாள். எதற்குப் பிடித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சத்தம் மட்டும் கேக்கலையே?"

"உயரம் அத்தை. இவ்வளவு உயரத்துக்குச் சத்தம் வராது" என்றாள் மருமகள்.

மாமியார் அரை மணி நேரம் பார்த்தாள். அவர்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

காரில் ஏறிய பிறகுதான் மருமகள் அந்தத் தாளை மறுபடி எடுத்தாள். இரண்டு தடவை வந்த வரி. பிழை பார்க்கிறவள் கனவில்கூட விடமாட்டாள் அதை.

"என்னங்க, நான் கொடுத்த தாளை என்ன பண்ணீங்க?"

"திருப்பி அடிச்சேன்."

"நான்தான் ஏற்கெனவே திருப்பிட்டேனே!"

"வட்டம் இல்லையே!"

"வீட்டுத் தாளுக்கு எதுக்குங்க வட்டம்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அவனைச் சொல்லி என்ன பயன்? மருமகள் பின்னால் திரும்பினாள். "அத்தை, இந்தத் தாளை நீங்க படிச்சீங்களா?"

மாமியார் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "படிச்சேன்னு நான் எப்ப சொன்னேன்? டிக்தானே போட்டேன்."

"எப்ப இருந்து அத்தை தெரியலை?"

"எழுத்தா? அது போய் ரெண்டு மாசம் ஆச்சு. நீ மேகம்னு சொல்லிக் காரை வேண்டாம்னுட்டியே, அப்பக்கூட ஓரளவு தெரிஞ்சுது. சொன்னா நீ பதறுவ. நீ பாட்டுக்கு ஆசையா எழுதிட்டிருந்த."

மருமகளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. லேசான மேகமூட்டம்! லேசான மேகமூட்டத்துக்காகவா!

கணவன் தாளை வாங்கிப் பார்த்தான். "ஏய், இது பழைய ஏழு. நிஜமான ஏழு இப்போ பதின்மூணுல இருக்கு. நாம இன்னும் அதைத் தாண்டலை. முன்னாலதான் இருக்கு" என்றான்.

மருமகளுக்குத் திடீரென்று ஒரு நம்பிக்கை வந்தது. பள்ளத்து நீலம் தெரிந்ததே, கடல் தெரியாதா? "அத்தை, இன்னொரு இடம் இருக்கு. இதைவிடப் பெரிசு" என்றாள்.

பதின்மூன்றில் வெள்ளைக் கல் வெள்ளையாகவே இருந்தது. நடை பத்து நிமிடம். இரும்புக் கைப்பிடி, பெஞ்சு, எல்லாம் தாளில் இருந்தபடி. ஆனால் ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்கள் பன்னிரண்டுக்கு வந்திருந்தார்கள். உச்சி வெயில் கடல்மேல் விழுந்து மொத்தமும் வெள்ளிபோல் கூசியது. கண்ணை இடுக்கிப் பார்த்தால், மருமகளுக்கு எல்லாம் தெரிந்தது. காடு இறங்கி இறங்கிப் போய் மணலைத் தொடும் இடம், நுரை, தூரத்தில் ஒரு கப்பல். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. அவள் போட்ட திட்டப்படியே இருந்தது.

மாமியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முகத்தை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"என்னம்மா இருக்கு இங்க? வெறும் வெளிச்சமா இருக்கே" என்றாள்.

கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வீணா அலைய வச்சுட்டியே. முன்ன பார்த்தோமே, அதுதான் கடல். நீலம்னா அது நீலம்!" மாமியார் கையை நீட்டி மருமகளின் தோளைத் தேடினாள். "என்ன, நான் சொல்றது சரிதானே?"

மருமகள் தோளைக் கொண்டுபோய் அந்தக் கைக்குக் கொடுத்தாள். கீழே கப்பல் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

"சரிதான் அத்தை. அதுதான் கடல்" என்றாள்.