தண்ணீர்த் தொட்டி மேல் நாலு பேர்

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு கொண்டுவரப் பதிப்பக முதலாளி ஆசைப்பட்டார். கதைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை கத்தரியின் தலையில் விழுந்தது. வேண்டாத வரிகளை இரக்கமில்லாமல் வெட்டுவதால் அலுவலகத்தில் அவளுக்கு அந்தப் பெயர்.

அந்த வயதுப் பிள்ளைகள் ரெண்டுங்கெட்டான்கள். பேசும் முயலைக் கொடுத்தால் "நாங்க என்ன குழந்தையா?" என்பார்கள். பெரியவர்கள் கதையைக் கொடுத்தால் கொட்டாவி விடுவார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டே "சூப்பர்" என்பார்கள். அதனால் அவள் ஒரு தந்திரம் செய்தாள். அவளுடைய அக்கா பாடம் நடத்தும் ஏழாம் வகுப்பில், கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டுக் கதைகளைக் கொடுத்தாள். முடிவு வேண்டுமென்றால் அவளிடம் வந்து கேட்க வேண்டும்.

பேய்க் கதைக்கு வரிசை கட்டி நின்றார்கள். தோழியின் சைக்கிளைத் தொலைத்துவிட்டுப் பொய் சொல்லும் பெண்ணின் கதைக்கு அதைவிடக் கூட்டம். கடிகாரம் ஒன்று சோம்பேறிப் பையனுக்குப் புத்தி சொல்லும் கதைக்கு மட்டும் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அதை எழுதியவர் முதலாளியின் மாமனார்.

"மேடம், அதை எப்படியாவது சேர்த்துடுங்க. இல்லேன்னா வீட்டுல நான் தலைகாட்ட முடியாது," என்றார் முதலாளி.

"ஒரு பிள்ளைகூட கடைசிப் பக்கம் கேக்கல சார்."

"கேட்ட மாதிரி வெச்சுக்குங்களேன்."

விஷயம் எப்படியோ மாமனார் காதுக்குப் போய்விட்டது. ஓய்வுபெற்ற பொறியாளர் அவர். எதையும் நேரில் சோதித்துப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார். "பசங்களுக்குச் சரியா வாசிக்கத் தெரியலம்மா. நானே வாசிச்சுக் காட்டறேன்," என்று மடிப்புக் கலையாத சட்டையோடு வகுப்புக்கே வந்து நின்றார்.

வாசித்தார். கடிகாரம் வாயைத் திறந்ததுமே பின்வரிசை பென்சில் சீவத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் முன்வரிசையும் ஜன்னலைப் பார்த்தது. கத்தரிக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அப்போது ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி எழுந்தாள்.

"தாத்தா, நீங்க ஸ்கூலுக்கு லேட்டாவே போனதில்லையா?"

அவர் தாளைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு நாள். அன்னிக்குத் தண்ணித் தொட்டி மேல மாட்டிக்கிட்டேன்."

பென்சில் சீவும் சத்தம் நின்றது.

தொட்டி மேல் விழுந்த பட்டத்தை எடுக்க ஏணியில் ஏறியவருக்கு, கீழே பார்த்ததும் கால் வரவில்லை. காப்பாற்ற ஏறிய அண்ணனுக்கும் அதே கதி. இரண்டு பேரையும் இறக்க அப்பா ஏறினார். அவருக்கு மாடிப்படியே ஆகாது. மேலே போனதும் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

"அப்புறம்?" என்று வகுப்பே கேட்டது.

"அப்புறம் என்ன, அம்மா வந்தாங்க. செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, திட்டிக்கிட்டே ஏறினாங்க. மேல வந்ததும் ஆளுக்கொரு அறை. முதல் அறை அப்பாவுக்கு!"

பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். மணி அடித்தும் ஒருத்தரும் எழவில்லை.

"இதை எழுதிக் குடுங்க சார்," என்றாள் கத்தரி.

எழுதிக் கொடுத்தார். படித்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தொட்டி இருந்தது, பட்டம் இருந்தது. அப்பாவுக்குப் பதில் ஒரு தீயணைப்பு வீரர் ஏறியிருந்தார். உயரமான இடங்களின் ஆபத்தைப் பற்றி அவர் அரைப் பக்கம் பேசவும் செய்தார்.

கத்தரி அவர் வீட்டுக்கே போனாள். "உங்க அப்பா எங்க சார்?"

"அம்மாகிட்ட அடி வாங்கினதை அச்சுல போடச் சொல்றீங்களா? மனுஷன் போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருஷமாச்சு. இப்ப அவரைப் பார்த்து ஊரே சிரிக்கணுமா?"

"வகுப்புல சொன்னீங்களே."

"அது வாய்ப்பேச்சு. காத்தோட போச்சு."

அவள் சற்று யோசித்தாள். "மேல போனா தன்னால இறங்க முடியாதுன்னு அவருக்குத் தெரியாதா சார்?"

"தெரியாம என்ன? பல்பு மாத்தக்கூட ஸ்டூல் மேல ஏற மாட்டார்."

"தெரிஞ்சும் ஏறியிருக்காரே."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "டீ சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார் கடைசியில்.

அடுத்த வாரம் புதுப் பிரதி வந்தது. அதில் அப்பா ஏறியிருந்தார். கண்ணை இறுக மூடியபடி ஒரு கையால் குழாயையும் மறு கையால் இளைய மகனின் கணுக்காலையும் பிடித்திருந்தார். அம்மா வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அறைகளும் அப்படியே இருந்தன. அந்தக் கணுக்காலை மட்டும் அவர் வகுப்பில் சொல்லவில்லை. கத்தரி சந்திப்பிழைகளைத் திருத்தியதோடு சரி, ஒரு வரியையும் வெட்டவில்லை.

ஏழாம் வகுப்பில் அவளே வாசித்தாள். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தார்கள். கணுக்கால் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. "அவருக்குக் கை வலிச்சிருக்கும்ல," என்றாள் ரெட்டைச் சடைக்காரி.

புத்தகம் வந்ததும் பெரியவர் முதல் பிரதியை அண்ணனுக்கு அனுப்பினார். அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டு, முதலில் ஏறியது தான்தான் என்றும், பட்டமே தன்னுடையது என்றும், அப்பா பிடித்திருந்தது தன் காலைத்தான் என்றும் சண்டை பிடித்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அண்ணனும் தன் பங்குக்கு எழுத உட்கார்ந்துவிட்டதாக முதலாளி கவலையோடு வந்து சொன்னார்.

"முடிச்சதும் அனுப்பச் சொல்லுங்க," என்றாள் கத்தரி.